பிசியோதெரபி மாணவர்களுக்கு அசெஸ்மென்ட் கற்றுக்கொடுப்பது: தருமபுரியிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் பிசியோதெரபி மாணவர்களை போஸ்டிங்கில், அதாவது மருத்துவமனைப் பயிற்சியில், வைத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். என்னிடம் படித்தவர்களில் சிலர் இப்போது கிருஷ்ணகிரி, ஓசூர், அரூர் பக்கம் தாங்களே மாணவர்களை வைத்திருக்கிறார்கள். இரவு ஓ.பி. முடிந்த பிறகு போன் செய்து அவர்கள் கேட்கிற கேள்விகள்தான் இவை. ஒரே பதிலைப் பலமுறை சொன்னதால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

அசெஸ்மென்ட் என்று இங்கே நான் சொல்வது, நோயாளியிடம் கேட்டு, பார்த்து, தொட்டு, அளந்து, பிரச்சினை எங்கிருந்து வருகிறது, நாம் கைவைக்கலாமா கூடாதா என்று முடிவெடுப்பது வரையிலான மொத்த வேலையையும்.

போஸ்டிங்கின் முதல் நாளில் எதிலிருந்து தொடங்குவது?

மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை எடுக்க விடாதீர்கள். ரிஃப்ளெக்ஸ், அதாவது தட்டினால் தானாக வரும் துள்ளல், பார்க்கும் சுத்தியலும் வேண்டாம். ஓ.பி. வாசல் தெரிகிற இடத்தில் ஒரு பெஞ்சில் மாணவர்களை உட்கார வையுங்கள். இருபது நிமிடம். யாரிடமும் பேசக் கூடாது, யாரையும் தொடக் கூடாது. உள்ளே வருகிறவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும்.

முதல் தடவை எல்லோரும் "ஆன்டால்ஜிக் கெய்ட்" (வலிக்குப் பயந்து நடக்கும் நடை) என்று இரண்டு வார்த்தை எழுதிக் கொண்டுவருவார்கள். நான் அதை அடித்துவிட்டு, எந்தக் கால் தரையில் குறைந்த நேரம் நிற்கிறது என்று கேட்பேன். தெரியாது. திரும்பவும் போய் உட்கார வேண்டும். மூன்றாவது நாள் ஒரு மாணவி இப்படி எழுதி வந்தாள்: "செருப்பைக் குனிந்து கழற்றவில்லை. இடது கால் விரலால் வலது செருப்பைத் தள்ளினார். பெஞ்சில் உட்காரும்போது முதலில் வலது கையை ஊன்றினார். பெயரைக் கூப்பிட்டதும் கழுத்தைத் திருப்பவில்லை, முழு உடம்போடு திரும்பினார்." அந்த நோயாளியைப் பற்றி அவர் வாய் திறப்பதற்கு முன்பே பாதி தெரிந்துவிட்டது. பெயர் வைப்பது பிறகு. முதலில் பார்க்கப் பழக வேண்டும்.

நோயாளி சொல்வதை மாணவர்கள் தப்பாக எழுதிவிடுகிறார்கள். என்ன செய்வது?

நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். பாடப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, நோயாளி நம் ஊர்ப் பேச்சில் சொல்கிறார், இரண்டுக்கும் நடுவில் நின்று மாற்றி எழுதுகிற பிள்ளைக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை.

"இடுப்பு வலிங்க" என்று ஒரு அம்மா சொன்னதும் மாணவர் ஹிப் பெயின் என்று எழுதுவார். நம் பக்கம் இடுப்பு என்றால் பெரும்பாலும் கீழ்முதுகு. சில பேருக்குச் சப்பைப் பகுதி. உண்மையான இடுப்பு மூட்டில் கோளாறு இருப்பவர் பல நேரம் தொடை இடுக்கையோ முழங்காலையோ காட்டுவார். "கால் வலி" என்றால் தொடையில் தொடங்கி விரல் நுனி வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால் என் வகுப்பில் ஒரு விதி உண்டு: "எங்கே வலிக்குதுன்னு ஒரே ஒரு விரலால தொட்டுக் காட்டுங்கம்மா" என்று கேட்காமல் இடத்தின் பெயரை எழுதக் கூடாது. ஒரு விரலால் காட்ட முடியாமல் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துக் காட்டினால் அதையும் அப்படியே எழுத வேண்டும்.

அடுத்தது "ஜவ்வு". முதுகில் ஜவ்வு என்றால் முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க். முழங்காலில் ஜவ்வு கிழிந்தது என்றால் மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸாக இருக்கலாம், எலும்புகளைச் சேர்த்துக் கட்டும் லிகமென்டாக இருக்கலாம். ஜவ்வு தேய்ந்தது என்றால் குருத்தெலும்பு. "நரம்பு" என்பது நரம்பும்தான், தசைநாணும்தான், புடைத்துத் தெரிகிற ரத்தக்குழாயும்தான். "மரத்துப்போச்சு" என்பவர் தொடு உணர்வு குறைந்ததைச் சொல்கிறாரா, கால் கனத்துத் தூக்க முடியாததைச் சொல்கிறாரா என்பது பஞ்சு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் மேல் "வாயு". வாயு என்றால் சிரித்துவிட்டுப் போகக் கூடாது. இடம் மாறும் வலியா, வயிறு உப்புகிறதா, நெஞ்சில் பிடிக்கிறதா என்று மூன்றையும் கேட்க வேண்டும். இடது தோளில் வாயு பிடித்திருக்கிறது என்று வருகிறவருக்கு இதயத்தில் பிரச்சினை இருக்கலாம்.

ஒவ்வொரு மாணவரும் ஒரு சிறு நோட்டு வைத்திருக்க வேண்டும். வலியைச் சொல்லும் வார்த்தைகளை நோயாளி சொன்னபடியே அதில் எழுத வேண்டும்: குடையுது, சுள்ளுனு இழுக்குது, விண்விண்ணுனு தெறிக்குது, உளையுது, எரியுது, மதமதன்னு கெடக்குது. பக்கத்திலேயே, கடைசியில் அது என்னவாக முடிந்தது என்ற குறிப்பு. ஆறு மாதத்தில் அது அவர்களுடைய சொந்த அகராதியாகிவிடும். எந்தப் பாடப் புத்தகத்திலும் அது கிடைக்காது.

வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்ணாகச் சொல்லும் அளவுகோலில் வயதானவர்கள் திணறுவார்கள். "நீ பாத்துப் போட்டுக்கோ கண்ணு" என்று விட்டுவிடுவார்கள். அவர்களிடம் நான் காசுக் கணக்கில் கேட்பேன். "மொத நாள் வந்தப்ப ஒரு ரூபா வலின்னா இன்னிக்கு எத்தனை காசு வலிங்க ஆயா?" உடனே பதில் வரும்: "அறுவது காசு இருக்கும்." ஆனால் இதைப் பத்துக்கு ஆறு என்று மாற்றி எழுத வேண்டாம். அது முதல் நாளோடு ஒப்பிட்ட அளவு, தனி அளவுகோல் இல்லை. "முதல் நாள் வலியில் 60 பைசா" என்றே எழுதுங்கள்.

தேன்கனிக்கோட்டை, தளி, வேப்பனஹள்ளி பக்கம் போஸ்டிங் போகிறவர்கள் கன்னடத்திலும் தெலுங்கிலும் இருபது வார்த்தையாவது தெரிந்துகொண்டு போக வேண்டும். தெலுங்கில் வலி நொப்பி, கன்னடத்தில் நோவு. கூட வந்த பேரனை மட்டும் நம்பி மொழிபெயர்க்க வைத்தால் பாட்டி சிறுநீர் விஷயத்தைச் சொல்லவே மாட்டார்.

கேஸ் ஷீட்டில் இருக்கிற வரிசையில் கேட்டுக்கொண்டே போனால் போதாதா?

முதல் மாதம் போதும். வரிசை ஒரு பிடிமானம். அதற்குப் பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருந்தால் மாணவர் படிவத்தைத்தான் பார்ப்பார், நோயாளியைப் பார்க்க மாட்டார்.

நான் அடிக்கடி நடுவில் நிறுத்தி ஒன்றைக் கேட்பேன்: "இந்தப் பதில் வேற மாதிரி வந்திருந்தா நீ என்ன மாத்திச் செஞ்சிருப்ப?" காலையில் எழுந்ததும் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று ஒரு மாணவர் கேட்கிறார். பத்து நிமிடம் என்றால் ஒன்று, ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் வேறு. இரண்டாவது பதில் வந்தால் ருமட்டாய்டு போன்ற அழற்சி நோயை நினைக்க வேண்டும், டாக்டரிடம் அனுப்ப வேண்டும். இது தெரிந்து கேட்டால் அது கேள்வி. தெரியாமல் கேட்டால் கட்டத்தை நிரப்புகிறோம், அவ்வளவுதான். பரிசோதனைகளுக்கும் இதே கேள்விதான்.

எச்சரிக்கை அறிகுறிகளைக் கேட்க மாணவர்கள் கூச்சப்படுகிறார்கள்.

கூச்சம் இயல்புதான். வார்த்தை கையில் இல்லாததால் வருவது அது. வார்த்தையைக் கொடுத்துவிட்டால் போய்விடும். இடுப்பு வலியோடு வருகிற எல்லோரிடமும் கேட்பதற்கு நான் மனப்பாடம் செய்ய வைக்கும் வாக்கியங்கள்: "எல்லார்கிட்டயும் கேக்கறதுதாங்க. ஒண்ணுக்குப் போறது எப்பவும் போல இருக்குதுங்களா? வர்ற உணர்வு தெரியுதுங்களா? கழுவும்போது அந்த இடத்துல மரத்த மாதிரி இருக்குதுங்களா?"

"எல்லார்கிட்டயும் கேக்கறதுதாங்க" என்ற முதல் வாக்கியம் முக்கியம். அது நோயாளியின் கூச்சத்தையும் சேர்த்து எடுத்துவிடும். இதில் புதிதாக மாற்றம் இருந்தாலே, கூடவே கால் பலவீனமும் இருந்தால் இன்னும் அதிகமாக, அது தண்டுவடத்தின் அடியில் இருக்கும் நரம்புக் கற்றை நசுங்குவதாக இருக்கலாம். அன்றைக்கே அறுவை மருத்துவரிடம் போக வேண்டும். நாளைக்கு வாங்க என்று சொல்வதற்கு இடமில்லை.

மற்றவை: சாயங்காலக் காய்ச்சல், எடை இறங்குவது, எப்படிப் புரண்டாலும் குறையாத இரவு வலி. முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது, மறந்துவிடக் கூடாது. முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தாரா, நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டாரா, விழுந்தாரா என்பதும் சேர வேண்டும். ஒரே ஒரு "ஆமாம்" வந்ததும் மாணவர் பதற வேண்டியதில்லை. இரவு வலி சாதாரண முதுகுவலிக்காரருக்கும் உண்டு. சேர்ந்து வருகிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.

நம் மாவட்டத்துக்கென்று தனியாகச் சொல்லித்தர வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. ஃபுளோரைடு.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் என்பது இந்தியத் தர அளவு. இதைக் குறைக்கத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் தண்ணீர் வரத் தொடங்கியது. ஆனால் அதற்கு முன் முப்பது நாற்பது வருடம் போர்வெல் தண்ணீர் குடித்தவர்களின் எலும்பில் படிந்தது படிந்ததுதான். லிகமென்டுகள் சுண்ணாம்பேறிக் கெட்டிப்படும். முதுகும் கழுத்தும் விறைக்கும். முற்றினால் தண்டுவடம் போகிற பாதையே குறுகிவிடும்.

நான் வேலைக்கு வந்த புதிதில் வேறொரு இடத்தில் நடந்தது இது. பென்னாகரம் பக்கத்திலிருந்து ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் கழுத்துப் பிடிப்போடு வந்தார். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சீட்டில் எழுதியிருந்தது. என் மாணவர் ஆறு திசையிலும் கழுத்து அசைவை அளந்து அழகாக எழுதியிருந்தார். நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். கழுத்தை இழுத்துவிடும் சிகிச்சையான டிராக்‌ஷன் தொடங்கினோம். ஆறு நாள் போனது.

ஏழாவது நாள், அடுத்த கட்டிலுக்குத் துணையாக நின்றிருந்த இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி அவர் சட்டை போடுவதைப் பார்த்தாள். மேல் பொத்தானைத் துளைக்குள் நுழைக்க விரல்கள் தடுமாறின. துணியைப் பிடித்தார், நழுவியது, திரும்பப் பிடித்தார். கடைசியில் பொத்தானை விட்டுவிட்டுத் துண்டைப் போர்த்திக்கொண்டார். "எத்தனை நாளா இப்படிங்க ஐயா?" என்று கேட்டிருக்கிறாள். "நாலு மாசமா களி உருண்டை புடிக்கவே வரலம்மா. வயசாயிருச்சுன்னு விட்டுட்டேன்" என்றிருக்கிறார். அவள் என்னிடம் ஓடி வந்தாள். முழங்காலில் சுத்தியலால் தட்டினால் கால் துள்ளியது. உள்ளங்காலைக் கீறினால் கட்டைவிரல் மேலே போனது. கணுக்காலை வேகமாக மேலே மடக்கிப் பிடித்தால் பாதம் அடித்துக்கொண்டே இருந்தது. தண்டுவடம் அழுந்தியிருந்தது. அப்படிப்பட்டவருக்கு டிராக்‌ஷன் கொடுக்கவே கூடாது. அன்றே நிறுத்தி அனுப்பினோம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடை ஓரளவு திரும்பியது. விரல்கள் முழுதாகத் திரும்பவில்லை.

அந்த ஷீட்டில் இருந்தது என் கையெழுத்து. அதனால் இன்றுவரை கழுத்து என்று யார் வந்தாலும் என் மாணவர்கள் இவற்றைப் பார்க்காமல் கழுத்தைத் தொட மாட்டார்கள்: பொத்தான் போடச் சொல்வது, பத்து விநாடியில் எத்தனை தடவை முழுதாக விரல் மடக்கி விரிக்க முடிகிறது என்று எண்ணுவது, 20-க்குக் குறைந்தால் சந்தேகப்படுவது, குதிகாலை விரலோடு ஒட்டி வைத்துக் கோட்டில் நடக்க வைப்பது, கை, கால் ரிஃப்ளெக்ஸ், உள்ளங்கால் கீறல். ஐந்து நிமிடம் கூட ஆகாது.

ஃபுளோரைடு சந்தேகத்துக்குக் கிராமத்தில் வைத்தே செய்யக்கூடிய மூன்று அசைவுகள் இருக்கின்றன. முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடுவது, தாடையை நெஞ்சில் வைப்பது, இரண்டு கையையும் பிடரிக்குப் பின்னால் கோப்பது. இது வெறும் சல்லடை. முடியவில்லை என்பதால் நோய் உறுதி ஆகாது, எக்ஸ்ரேயும் மற்ற பரிசோதனையும் டாக்டர் சொல்ல வேண்டும். பல்லில் காவிக் கறையைப் பார்த்ததும் முடிவுக்கு வரும் மாணவர்களும் உண்டு. பல் கறை, சின்ன வயதில் பல் உருவாகும்போது குடித்த தண்ணீரைத்தான் சொல்லும். வேறு ஊரிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து முப்பது வருடம் இருந்த அம்மாவுக்குப் பல் வெள்ளையாகவே இருக்கும், எலும்பு வேறு கதை சொல்லும். அதனால் "இப்ப எந்தத் தண்ணி குடிக்கிறீங்க, முன்ன எந்தத் தண்ணி, எந்த ஊர்ல?" என்பது எங்கள் கேஸ் ஷீட்டில் ஒரு வரியாகவே இருக்கிறது.

கைத்திறனை எந்த முறையில் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

பெய்டன் என்பவர் வகுத்த நான்கு படி முறை எனக்குக் கைகொடுக்கிறது. முதலில் ஆசிரியர் பேசாமல், வழக்கமான வேகத்தில் செய்துகாட்டுவார். அடுத்து ஒவ்வொரு அசைவாக நிறுத்தி விளக்கிச் செய்வார். மூன்றாவது தடவை மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வார். நான்காவதில் மாணவரே சொல்லிக்கொண்டு செய்வார். பெரும்பாலும் நாம் இரண்டாவதிலிருந்து நேராக நான்காவதுக்குத் தாவிவிடுகிறோம். மூன்றாவது படியில்தான் மாணவருக்கு எது புரியவில்லை என்று வெளியே தெரியும். "கோனியோமீட்டரை முழங்கால்ல வைங்க மேடம்" என்பார். நான் வேண்டுமென்றே முட்டிச் சில்லின் மேல் வைப்பேன். "இல்லை, வெளிப்பக்கம்." வெளிப்பக்கம் எங்கே? அப்போதுதான் தொடையெலும்பின் வெளிமுனைப்பைத் தடவித் தேடுவார். கோனியோமீட்டரின் நிலையான கை இடுப்பின் பக்கவாட்டில் துருத்தும் எலும்பை நோக்கி, நகரும் கை வெளிக்கணுக்காலை நோக்கி.

பிறகு ஒரு பயிற்சி. ஒரே முழங்காலை மூன்று பேர் தனித்தனியாக அளந்து சீட்டில் எழுதி மடித்துத் தர வேண்டும். பிரித்தால் 105, 118, 110 என்று இருக்கும். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். எது சரி என்று நான் சொல்வதில்லை. மூவரும் திரும்ப எலும்பைத் தேடி, அளந்து, ஐந்து டிகிரிக்குள் வரும்வரை விடுவதில்லை. கையால் அளப்பதில் ஐந்து டிகிரி அளவுக்கு வித்தியாசம் சாதாரணம். இது புரிந்த பிள்ளை, 92 இன்று 95 ஆகிவிட்டது, குணம் தெரிகிறது என்று நோயாளியிடம் சொல்லாது.

தசை வலிமையை 0 முதல் 5 வரை கிரேடு போடுவதில் அதிகம் நடக்கும் தவறு?

புவியீர்ப்பை எதிர்த்து முழு அசைவும் வந்தால்தான் 3. பாதி தூரம் வந்து நின்றதற்கு 3 போட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, உழைக்கிற உடம்பு. கிரானைட் குவாரியில் வேலை செய்கிறவரின் கெண்டைக்கால் தசையை ஒரு மாணவி கையால் அழுத்தி 5 போடுவாள். அவர் தசை பாதி பலம் இழந்திருந்தாலும் அவளை ஜெயித்துவிடும். ஒற்றைக் காலில் நிற்க வைத்துக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லி எண்ண வேண்டும். நல்ல கால் 25 தடவை, மற்றது 6 தடவை என்றால் அங்கே இருக்கிறது எஸ்1 நரம்பு வேரின் கோளாறு.

ஆண் மாணவர், பெண் நோயாளி. எப்படிச் சமாளிப்பது?

சமாளிக்கிற விஷயமாக நினைக்காதீர்கள். கேட்டுவிட்டுத் தொடுவது எல்லா நோயாளிக்கும் பொது. என்ன செய்யப் போகிறோம், எங்கே தொடுவோம், ஏன் என்று மூன்றையும் சொல்லிவிட்டு "பாக்கலாங்களா அக்கா?" என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகே கை போக வேண்டும். திரை, மேலே போர்த்த ஒரு சுத்தமான துணி, பக்கத்தில் ஒரு பெண் ஊழியரோ மாணவியோ. வேண்டாம் என்றால் வேண்டாம்தான், முகம் சுளிக்கக் கூடாது. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பரிசோதித்தால் தசை ஒரு பக்கம் இறுகித்தான் இருக்கும், அளவும் தப்பாக வரும்.

எம்.ஆர்.ஐ. ஃபிலிமோடு வருகிறவர்களை மாணவர்கள் பரிசோதிக்கவே மாட்டேன் என்கிறார்கள்.

ஃபிலிமை வாங்கி மேசை டிராயரில் வையுங்கள். முதலில் மாணவர் பார்த்து முடித்து, எந்த மட்டத்தில், எந்தப் பக்கத்தில் பிரச்சினை என்று எழுதட்டும். பிறகு ஃபிலிமை எடுங்கள்.

முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-ல் வந்தது. அதில் 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. ஃபிலிமில், கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே உள்ள எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. ஆனால் கட்டைவிரலை மேலே தூக்கும் பலம் சரியாக இருக்கிறது, பாதத்தின் மேல்பக்க உணர்வு சரியாக இருக்கிறது, படுக்க வைத்து நீட்டிய காலைத் தூக்கினால் கால் வரை வலி ஓடவில்லை என்றால், அந்த டிஸ்க்தான் காரணம் என்று எப்படிச் சொல்வோம்? "ஜவ்வு விலகிருச்சு, இனி குனியவே கூடாது" என்று பயந்துபோய் வருகிற அம்மாக்களுக்கு இந்தப் பரிசோதனையே பாதி சிகிச்சை.

மரத்திலிருந்து விழுந்தவர்களைப் பரிசோதிக்க மாணவர்களை விடலாமா?

புளி உலுக்கும் காலத்திலும் மாங்காய் பறிக்கும் காலத்திலும் மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டவர்கள் நம் பக்கம் வருவார்கள். முதுகெலும்பு உறுதியாக இருக்கிறது என்று அறுவை மருத்துவர் சொன்ன பிறகு, நீங்கள் கூடவே நின்று, கட்டாயம் விட வேண்டும். உடம்பின் ஒவ்வொரு பக்கமும் 28 உணர்வுப் புள்ளிகள், 10 முக்கியத் தசைகள் என்று அகில உலக அளவில் வகுத்த முறை இருக்கிறது. மாணவர்கள் காலோடு நிறுத்திவிடுவார்கள். ஆசனவாயைச் சுற்றியுள்ள எஸ்4-5 உணர்வும் அங்கே தசை இறுகுகிறதா என்பதும்தான் காயம் முழுமையானதா, ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று முடிவு செய்யும். அந்தக் குடும்பம் நம்மிடம் கேட்கும் ஒரே கேள்வி "நடப்பானா?" என்பது. அதற்கு நாம் சொல்லும் எந்த வார்த்தையும் இந்தப் பரிசோதனை முடியாமல் வரக் கூடாது.

வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது என்ன மாறுகிறது?

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டிலேயே பிசியோதெரபி கொடுப்பதும் அதில் ஒரு பகுதி. படித்து முடித்ததும் நம் பிள்ளைகள் பலர் இந்த மாதிரி வேலைக்குப் போவார்கள், அதனால் இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும்.

பக்கவாதம் வந்தவர் நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி உட்கார எத்தனை விநாடி என்று அளப்பது நல்ல சோதனைதான். ஆனால் அவர் வீட்டில் நாற்காலியே இல்லை. பாயிலிருந்து எழ வேண்டும். எப்படி எழுகிறார், எதைப் பிடிக்கிறார், வாசல்படி எத்தனை அங்குலம், குளியல் எங்கே, கழிப்பறைக்கு எத்தனை அடி, ராத்திரியில் வெளிச்சம் உண்டா, பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இன்ச் டேப்பை வாசல்படியிலும் வைத்து அளக்கச் சொல்லுங்கள். "என்ன செய்ய முடிஞ்சா போதும்னு நெனைக்கறீங்க?" என்பதையும் கேட்கச் சொல்லுங்கள். வத்தல்மலையில் ஒரு தாத்தா, "ஆட்டுப்பட்டி வரைக்கும் போய்ட்டு வந்தாப் போதும்" என்றார். அறுபது அடி, நடுவில் ஒரு சரிவு. எங்கள் சிகிச்சையின் குறிக்கோளாக அதையே எழுதினோம்.

ஒரு நாளைக்கு அறுபது பேர் வருகிறார்கள். இதையெல்லாம் எப்போது கற்றுக்கொடுப்பது?

எல்லா நோயாளியிடமும் கற்றுக்கொடுக்க முடியாது, தேவையும் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு மாணவர், ஒரு நோயாளி. பதினைந்து இருபது நிமிடம் நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்று மாணவர் செய்வதை மட்டும் பாருங்கள். பிறகு ஐந்து நிமிடம் பேசுங்கள். மினி-சி.இ.எக்ஸ். (mini-CEX) என்று மருத்துவக் கல்வியில் சொல்வது ஏறக்குறைய இதைத்தான். ஷீட்டைப் படித்துத் திருத்துவது இதற்கு ஈடாகாது. ஷீட்டில் "ரிஃப்ளெக்ஸ் நார்மல்" என்று இருக்கும். சுத்தியலை மணிக்கட்டில் தளர்த்திப் பிடித்தாரா, நோயாளியின் கால் தொங்கலாக இருந்ததா, உண்மையில் தட்டினாரா என்பதெல்லாம் நேரில் நின்றால்தான் தெரியும். பல மாணவர்கள் நான்கு ஆண்டு படித்தும், அவர்கள் ஒரு நோயாளியை முதலிலிருந்து கடைசிவரை பார்த்ததை ஒரு ஆசிரியர்கூட நின்று பார்த்திருக்க மாட்டார். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

தவறு செய்தால் அங்கேயே திருத்தலாமா?

நோயாளிக்குத் தீங்கு வரும் என்றால் அந்த விநாடியே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் திரைக்கு வெளியே. நோயாளியின் முன் திட்டு வாங்கிய மாணவர் அடுத்த முறை கண்டுபிடித்ததை எழுத மாட்டார், உங்களுக்குப் பிடிக்கும் என்று தோன்றுவதை எழுதுவார். "சரியில்லை" என்று சொல்லாதீர்கள். "காலைத் தூக்கும்போது நீ அவங்க முகத்தைப் பாக்கலை, காலையே பாத்துட்டிருந்த" என்று கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்.

தேர்வில் லாங் கேஸ் (ஒரு மாணவருக்கு ஒரே நோயாளி) மட்டும் வைத்தால் போதுமா?

போதாது. ஒரு மாணவருக்கு எளிய முழங்கால் கிடைக்கும், இன்னொருவருக்குப் பேசவே முடியாத பக்கவாத நோயாளி கிடைப்பார். ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975-ல் அறிமுகம் செய்த ஆஸ்கி (OSCE) முறையில் மாணவர்கள் வரிசையாகப் போய்ச் செய்துகாட்டும் நிலையங்கள் எல்லோருக்கும் ஒன்றே, ஒரே நேரம், ஒரே மதிப்பெண் பட்டியல். ஆறு நிலையம் வைத்தாலே வித்தியாசம் தெரியும். அதில் ஒன்று பேச்சு நிலையமாக இருக்கட்டும்: கண்டுபிடித்ததை நோயாளிக்குத் தமிழில், பயமுறுத்தாமல், மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும்.

மாணவர்கள் என்னென்ன வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்?

பிளாஸ்டிக் கோனியோமீட்டர் பெரியது ஒன்று, விரலுக்குச் சின்னது ஒன்று. தையல்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப். ரிஃப்ளெக்ஸ் சுத்தியல், தலைப்பகுதி கனமாக இருப்பது. அதிர்வு உணர்வு பார்க்க 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க். பஞ்சு, ஒருமுறை மட்டும் பயன்படுத்தக்கூடிய குத்தும் ஊசி அல்லது பல்குச்சி. விநாடி காட்டும் கடிகாரம். ஸ்டெதஸ்கோப் இருந்தால் நல்லது. கைகழுவும் திரவம். சின்ன நோட்டு, பேனா. நகம் வெட்டியிருக்க வேண்டும், மழைக்காலத்தில் கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத் தொட வேண்டும்.